ஓட்டத்தில் வைத்துப் பாருங்கள்: வெள்ளணு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டுவதை லேபில் படம் பிடிப்பது எப்படி

பாலிடெக்னிக்கிலிருந்து அட்டாச்மெண்ட்டுக்கு (வேலைப் பயிற்சிக்கு) வருகிறவர்களும், பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்கிறவர்களும் சிங்கப்பூரில் ஒன்-நார்த் பக்கமோ கெண்ட் ரிட்ஜ் பக்கமோ ஏதாவது ஒரு நோயெதிர்ப்பு லேபில் போய் உட்கார்ந்தால் சீக்கிரமே கைக்கு வரும் வேலைகளில் ஒன்று இது: அழற்சியின்போது வெள்ளணுக்கள் ரத்தக்குழாயின் உள்சுவரில் எவ்வளவு ஒட்டுகின்றன என்று அளப்பது. சுலபமான வழி என்று சொல்லி, ஒரு தட்டில் உள்சுவர் உயிரணுக்களை வளர்த்து, மேலே வெள்ளணுக்களைக் கொட்டி, அரை மணி நேரம் வைத்து, கழுவிவிட்டு மிச்சம் இருப்பதை எண்ணச் சொல்வார்கள். சொன்னால் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு உடம்பிலும் இப்படித்தான் நடக்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள். ஓட்டம் இல்லாத இடத்தில் ஒட்டுவதைப் பார்ப்பது பாதிக் கதையைத்தான் சொல்லும்.

காரணம் இதுதான். தட்டில் கொட்டிய வெள்ளணு தன் எடையாலேயே கீழே இறங்கி அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது, பிடித்துக்கொள்ள அதற்கு ஓர் அவசரமும் இல்லை. ரத்தக்குழாயிலோ அது ஓடிக்கொண்டிருக்கிறது. சுவரைத் தொட்ட கணத்திலேயே எதையாவது பற்றிக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த நொடிக்குள் எங்கேயோ போயிருக்கும். ஓடுகிறதைப் பிடிக்கிற மூலக்கூறுகள் வேறு, பிடித்ததை நிறுத்தி வைக்கிற மூலக்கூறுகள் வேறு. தட்டில் பார்த்தால் முதல் கூட்டத்தின் வேலை மங்கிப்போய் இரண்டாவது கூட்டத்தின் வேலை மட்டும் பெரிதாகத் தெரியும். 1991-இல் லாரன்ஸ், ஸ்பிரிங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். செயற்கைச் சவ்வில், ஓடுகிறதைப் பிடிக்கிற சுவர்ப் புரதமான பி-செலக்டினை மட்டும் பதித்து மேலே நியூட்ரோஃபில்களை (ரத்தத்தில் மிக அதிகமாக உள்ள வெள்ளணு வகை) ஓடவிட்டால் அவை உருண்டன, நிற்கவில்லை. நிறுத்தி வைக்கிற கூட்டத்தைச் சேர்ந்த ஐகேம்-1 மட்டும் இருந்தபோது ஓட்டத்தில் எதுவும் பிடிபடவே இல்லை. இரண்டும் சேர்ந்திருந்து, தூண்டும் பொருளும் கிடைத்தபோதுதான் உருண்டு வந்தவை நின்றன. நீங்கள் செய்யப்போவதும் ஏறக்குறைய அதே சோதனைதான், செயற்கைச் சவ்வுக்குப் பதிலாக உயிருள்ள சுவர்.

எதைப் பார்க்கப்போகிறோம்

கருவியைத் தொடுவதற்கு முன் வரிசையை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரையில் ஓடுவது என்னவென்றே புரியாது. இதெல்லாம் பெரும்பாலும் நடப்பது தந்துகிகளைத் தாண்டியதும் வருகிற நுண்சிரைகளில், சில பத்து மைக்ரோமீட்டர் அகலம் மட்டுமே உள்ள குழாய்களில். அங்கே ஓட்டம் மெதுவாக இருக்கும், சிவப்பணுக்கள் நடுவே குவிந்து ஓடி வெள்ளணுக்களை ஓரமாகத் தள்ளும். பக்கத்துத் திசுவில் காயமோ கிருமியோ இருந்தால் சுவரின் உயிரணுக்கள் தம் மேற்பரப்பில் புதிய புரதங்களைக் கொண்டுவருகின்றன. பி-செலக்டின் ஏற்கெனவே அந்த உயிரணுக்களுக்குள் வைபல்-பலாடி என்ற பொதிகளில் தயாராக அடைத்து வைக்கப்பட்டிருப்பதால் ஹிஸ்டமினோ த்ராம்பினோ பட்ட சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். இ-செலக்டின் அப்படி இல்லை, மரபணுவைப் படித்துப் புதிதாகச் செய்ய வேண்டும், அதனால் டிஎன்எஃப் என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம் போன்ற தூண்டுபொருள் பட்டு 4 முதல் 6 மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும். இந்த நேரக் கணக்கை மறக்காதீர்கள், உங்கள் நாள் முழுவதும் இதைச் சுற்றித்தான் ஓடப்போகிறது.

வெள்ளணுவின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்காது, குட்டிக் குட்டி விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விரல்களின் நுனியில் பிஎஸ்ஜிஎல்-1 என்ற புரதம், அதன்மேல் சியாலில் லூயிஸ் எக்ஸ் என்ற சர்க்கரை அமைப்பு. இதைத்தான் செலக்டின் பிடிக்கிறது. பிடி நொடிப்பொழுதில் விட்டுப்போகும், ஆனால் பின்னால் ஒன்று விடுவதற்குள் முன்னால் இன்னொன்று பிடித்துவிடுவதால் அணு உருள்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஒரு குறிப்பிட்ட எல்லை வரை விசை கூடக் கூட இந்தப் பிடியின் ஆயுளும் கூடுகிறது என்பது. சுருக்கு முடிச்சு இழுக்க இழுக்க இறுகுவது மாதிரி. பி-செலக்டினுக்கும் பிஎஸ்ஜிஎல்-1-க்கும் இடையே இப்படி நடப்பதை 2003-இல் நேரடியாக அளந்தே காட்டிவிட்டார்கள். ஓட்டத்தை மிகவும் குறைத்தால் உருளுதல் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிற விநோதத்துக்கும் (வெள்ளணுவின் மேலேயே இருக்கும் எல்-செலக்டினில் இது நன்றாகத் தெரியும்) இதுதான் விளக்கம். தட்டை வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் எண்ணினாலும் இப்படி ஒன்று இருப்பது தெரியாது.

உருண்டு வரும் அணு, சுவர்மேல் ஒட்டியிருக்கும் கீமோகைன்கள் என்ற, வெள்ளணுவை அழைக்கும் சமிக்ஞைப் புரதங்களை, நியூட்ரோஃபிலுக்கு முக்கியமாக இன்டர்லூக்கின்-8-ஐ, சந்திக்கிறது. அந்தத் தகவல் உள்ளே போய், டாலின், கிண்ட்லின்-3 என்ற இரண்டு புரதங்கள் வெள்ளணுவின் பிடிப்புப் புரதமான இன்டெக்ரினின் வாலைப் பிடிக்க, மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் நிமிர்ந்து திறக்கிறது. இதற்கு ஒரு நொடிகூடத் தேவையில்லை. எல்எஃப்ஏ-1, மேக்-1 என்ற இரண்டு இன்டெக்ரின்களும் சுவரிலுள்ள ஐகேம்-1-ஐ இறுகப் பிடித்ததும் அணு நிற்கும், தட்டையாகப் பரவும், கொஞ்ச தூரம் ஊர்ந்து போய் இரண்டு சுவர் உயிரணுக்களுக்கு நடுவிலுள்ள இடுக்கைத் தேடும், பிறகு அதன் வழியாக அந்தப் பக்கம் இறங்கும். சில சமயம் உயிரணுவைத் துளைத்துக்கொண்டே போவதும் உண்டு.

இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் என்ன ஆகும் என்பதற்கு லேபுக்கே போக வேண்டாம். வெள்ளணு ஒட்டுதல் குறைபாடு என்று ஓர் அரிய பிறவி நோய் உண்டு. முதல் வகையில், எல்எஃப்ஏ-1, மேக்-1 இரண்டுக்கும் பொதுவான சிடி-18 என்ற இன்டெக்ரின் பாதி சரியாக உருவாவதில்லை, இரண்டாவது வகையில் செலக்டின் பிடிக்க வேண்டிய சர்க்கரையில் ஃபியூக்கோஸ் சேர்வதில்லை, மூன்றாவதில் கிண்ட்லின்-3 கெட்டிருக்கும். முதல் வகைக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை தாறுமாறாக ஏறியிருக்கும், ஆனால் புண்ணில் சீழ் பிடிக்காது. தொப்புள்கொடி விழவே வாரக்கணக்கில் தாமதமாகும். ரத்தத்தில் படை நிறைய இருக்கிறது, வெளியே இறங்கத்தான் வழியில்லை. உங்கள் சோதனையில் சிடி-18-ஐத் தடுக்கும் ஆன்டிபாடி போடும்போது இந்த நோயைத்தான் ஒரு மணி நேரத்துக்குச் செயற்கையாக உண்டாக்குகிறீர்கள்.

ரத்தம், அனுமதி, பிரியாணி

மனித ரத்தத்தை ஆய்வுக்கு எடுக்க சிங்கப்பூரில் சட்டம் இருக்கிறது, 2015-இல் வந்த மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், கொடுப்பவரின் எழுத்துப்பூர்வ சம்மதம், பயிற்சி பெற்ற ஒருவர் ஊசி போடுவது என எல்லாம் முறையாக இருக்க வேண்டும். பக்கத்து மேசை நண்பர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு "எடுத்துக்கோ" என்று நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் லேபில் ஒப்புதல் ஏற்கெனவே இருக்கும், அதன் எண்ணையும் அதில் எத்தனை மில்லிலிட்டர் வரை எடுக்கலாம் என்று எழுதியிருப்பதையும் சூப்பர்வைசரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பவரிடம் நான்கு கேள்வி கேட்க வேண்டும். காய்ச்சல், சளி ஏதாவது இருந்ததா? ஸ்டீராய்டு எடுக்கிறாரா? வலி மாத்திரை போட்டாரா? காலையில் ஜிம்முக்கோ ஓட்டத்துக்கோ போனாரா? ஸ்டீராய்டும் கடும் உடற்பயிற்சியும் சுவரோரம் ஒதுங்கியிருந்த நியூட்ரோஃபில்களை நடு ஓட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும், எண்ணிக்கை கூடித் தெரியும், ஒட்டும் குணமும் மாறியிருக்கலாம். (அம்மா அப்பாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த பிறகு ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு ஏறியிருந்தால் உடனே பதறாமல் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.) ஐந்தாவதாக ஒரு கேள்வி, புத்தகத்தில் இருக்காது: சாப்பிட்டது என்ன? தேக்காவில் மட்டன் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு நேராக ரத்தம் கொடுக்க வந்தால் பிளாஸ்மா கொழுப்பில் வெண்மையாகக் கலங்கியிருக்கும், மையவிலக்கில் சுற்றிய பிறகு அடுக்குகளின் எல்லை எது என்று கண்ணுக்கே பிடிபடாது. காலையில் லேசாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், பிரியாணியை அப்புறம் நீங்களே வாங்கிக் கொடுக்கலாம்.

எந்த ட்யூபில் எடுப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நிறைய சோதனைகள் இங்கேதான் வீணாகின்றன. செலக்டினுக்குக் கால்சியம் வேண்டும், இன்டெக்ரினுக்கு மக்னீசியம் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ட்யூபில் போட்டிருக்கும் இடிடிஏவும் சிட்ரேட்டும் இந்த இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாகக் கழுவாமல் ஓடவிட்டால் எதுவுமே ஒட்டாது, நீங்களும் ஆன்டிபாடி கெட்டுவிட்டதோ என்று ஒரு வாரம் தேடிக்கொண்டிருப்பீர்கள். உறைவைத் தடுக்கும் இன்னொரு பொருளான ஹெப்பரின் அப்படிச் செய்யாது, ஆனால் அதுவே பி-செலக்டினையும் எல்-செலக்டினையும் தடுக்கும். என் யோசனை, இடிடிஏவில் எடுத்து ஒழுங்காகக் கழுவுவது.

நியூட்ரோஃபில்களைப் பிரிக்க உங்கள் லேபில் எந்த முறை பழக்கமோ அதையே பின்பற்றுங்கள், அடர்த்தி அடுக்கு முறையானாலும் சரி, காந்த மணிக் கிட் ஆனாலும் சரி. முறையைவிடக் கையின் பக்குவம்தான் முக்கியம். நியூட்ரோஃபில் தொட்டாற்சிணுங்கி. வோர்டெக்ஸில் வைத்துக் குலுக்காதீர்கள், பிப்பெட்டில் வேகமாக உறிஞ்சித் துப்பாதீர்கள், ஐஸில் வைத்து எடுத்துத் திடீரென்று சூடாக்காதீர்கள். கண்ணாடிக் குழாயில் அது ஒட்டிக்கொள்ளும், பாலிப்ரொப்பிலீன் குழாயே நல்லது. கழுவும் கரைசலில் கால்சியம், மக்னீசியம் இரண்டும் வேண்டாம், இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஓடவிடும் சமயத்தில்தான் ஒவ்வொன்றும் 1 மில்லிமோலார் அளவுக்குச் சேர்க்க வேண்டும். தண்ணீரிலோ கரைசலிலோ பாக்டீரிய எண்டோடாக்ஸின் கொஞ்சம் இருந்தாலும் அணு விழித்துக்கொண்டு தன் எல்-செலக்டினைத் தானே வெட்டி உதிர்த்துவிடும். பிரித்து முடித்ததும் ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். உருண்டையாக இருந்தால் தூங்குகிறது, நல்லது. ஒரு பக்கம் நீண்டு, ஓரம் நெளிந்து, வால் வைத்ததுபோல் இருந்தால் ஏற்கெனவே தூண்டப்பட்டுவிட்டது, அந்த பேட்ச்சை விட்டுவிடுங்கள். நல்ல பேட்ச்சும் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும், பிரித்த 3 அல்லது 4 மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

சுவரை வளர்ப்பது, நேரத்தைப் பின்னோக்கி எண்ணுவது

சுவருக்கு வழக்கமாகப் பயன்படுத்துவது தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்த உள்சுவர் உயிரணுக்கள், லேபில் ஹியூவெக் என்பார்கள். ஃபைப்ரோனெக்டினோ ஜெலட்டினோ பூசிய பரப்பில் இடைவெளியே இல்லாமல் நெருங்கி வளர்ந்திருக்க வேண்டும். நடுவே வெற்றிடம் இருந்தால் வெள்ளணு அந்தப் பூச்சில் போய் ஒட்டும், நீங்கள் அதையும் சுவரில் ஒட்டியதாக எண்ணிவிடுவீர்கள். பலமுறை பிரித்து வளர்த்த பழைய உயிரணுக்கள் வேண்டாம், ஐந்தாவது தலைமுறைக்குள் இருப்பது நல்லது. எலியில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எலியில் டிஎன்எஃப் பட்டால் பி-செலக்டின் மரபணுவும் கூடுதலாக வேலை செய்யும், மனிதரில் அப்படி நடப்பதில்லை. அதனால் டிஎன்எஃப் போட்ட ஹியூவெக்கில் நீங்கள் பார்ப்பது முக்கியமாக இ-செலக்டினின் வேலை. பி-செலக்டின்தான் வேண்டுமென்றால் ஹிஸ்டமின் போட்டுச் சில நிமிடங்களில் ஓடவிட வேண்டும்.

மைக்ரோஸ்கோப் புக்கிங் பிற்பகல் 2 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். டிஎன்எஃப், மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம், காலை 10 மணிக்குப் போட வேண்டும், அப்போதுதான் 4 மணி நேரம் ஆகும். ரத்தம் 11 மணிவாக்கில். பிரிக்க ஒன்றரை மணி நேரம் என்றால் 12.30, கழுவி எண்ணி 1 மணி, கருவியைக் கட்டி முடிக்க 2 மணி. டிஎன்எஃப்பை முந்தின நாள் இரவே போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாமே என்று தோன்றும். போட்டால் மறுநாள் பிற்பகலுக்குள் இ-செலக்டின் வடிந்துபோயிருக்கும், ஐகேம்-1-உம் அதைப் போன்ற வீகேம்-1-உம் மட்டும் ஏறி நிற்கும். லிம்போசைட், மோனோசைட் போன்ற வேறு வெள்ளணுக்களைப் பார்க்கிறவர்களுக்கு அது பயன்படலாம், நியூட்ரோஃபிலுக்கு வேண்டாம். புக்கிங்கில் முன்னால் இருப்பவர் நேரத்துக்கு முடிக்க மாட்டார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லா லேபிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

ஓட்டத்தைக் கட்டுவது

அணுக்கள் ஓடப்போகும் சேம்பர் இப்படி இருக்கும்: மேலே தட்டை, கீழே சுவர் உயிரணுக்கள் வளர்ந்த தட்டை, நடுவே மெல்லிய இடைவெளி, ஒரு பக்கம் திரவம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். சிரிஞ்ச் பம்பைத் தள்ளுவதற்கு வைக்காமல் வெளியேறும் பக்கத்தில் இழுப்பதற்கு வைப்பது நல்லது, தள்ளினால் நியூட்ரோஃபில்கள் சிரிஞ்சுக்குள்ளேயே அடியில் படிந்துவிடும். திரவம் சுவரை உரசி இழுக்கும் விசைதான் நாம் கட்டுப்படுத்த வேண்டியது, லேபில் இதை ஷியர் என்பார்கள். கணக்கு இதுதான்: திரவத்தின் பாகுத்தன்மையை ஓட்ட அளவால் பெருக்கி, 6-ஆல் பெருக்கி, அகலத்தாலும் உயரத்தின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். அகலம் 5 மில்லிமீட்டர், உயரம் கால் மில்லிமீட்டர், 37 டிகிரியில் ஊடகத்தின் பாகுத்தன்மை சுமார் 0.007 பாய்ஸ் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 1 டைன் (விசையின் அலகு) வர நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.45 மில்லிலிட்டர் ஓட வேண்டும். நுண்சிரைக்கு ஒத்த அளவு என்று பெரும்பாலும் 1 முதல் 2 டைன் வரை வைப்பார்கள், 1-இல் தொடங்குங்கள்.

அந்த உயரத்தின் வர்க்கம் என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு தட்டைகளுக்கும் நடுவே இடைவெளி தரும் அடுக்கான கேஸ்கெட்டை நீங்கள் அழுத்தி மூடும்போது 0.25 மில்லிமீட்டர் 0.20 ஆகிவிட்டால் பம்பில் எந்த எண்ணும் மாறாது, ஆனால் ஷியர் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். திங்கட்கிழமை நீங்கள் மூடியதும் புதன்கிழமை உங்கள் நண்பர் மூடியதும் வேறு வேறு முடிவு தருவதற்குப் பல சமயம் காரணம் இவ்வளவுதான். உயரம் மாறாத ரெடிமேட் ஸ்லைடு வாங்க லேபில் பணம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

பிறகு குமிழி. ஒரே ஒரு காற்றுக் குமிழி உள்ளே ஓடினால் போதும், அது போன வழியெல்லாம் சுவர் உயிரணுக்களை உரித்துக்கொண்டு போய்விடும், நான்கு மணி நேரக் காத்திருப்பு அங்கேயே முடிந்தது. ஊடகத்தைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக ஓடவிட்டால் சூடாகும்போது கரைந்திருந்த காற்று வெளியேறிக் குமிழியாகும். அதனால் முதலிலேயே 37 டிகிரிக்குக் கொண்டுவந்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு பயன்படுத்துங்கள். குழாயை இணைக்கும்போது இரண்டு முனையிலும் திரவம் துளியாகத் துருத்திக்கொண்டிருக்க வேண்டும், துளியோடு துளி சேருகிற மாதிரி இணைத்தால் நடுவில் காற்று மாட்டாது. குழாயைச் சுண்டிப் பாருங்கள், ஓரத்தில் ஒளிந்திருக்கும் குமிழி நகரும்.

நம் ஊர் லேப்களின் ஏர்கான் தனிப் பிரச்சினை. வெளியே வியர்த்துக் கொட்டும், உள்ளே ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மேடையில் மட்டும் ஹீட்டர் வைத்துவிட்டு, ஒரு மீட்டர் குழாய் அந்தக் குளிர்காற்றில் தொங்கினால், உள்ளே நுழையும் திரவம் 37 டிகிரியில் இருக்காது. நியூட்ரோஃபில் சோம்பிவிடும், உருளும், ஆனால் நின்ற பிறகு ஊர்வதும் இறங்குவதும் குறைந்துவிடும். குழாயைச் சுருக்குங்கள், முடிந்தால் மைக்ரோஸ்கோப்பைச் சுற்றிப் பெட்டி மூடிய ஹீட்டரை ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள்.

ஓடவிட்டு, பார்த்து, எண்ணுவது

முதலில் அணுக்கள் இல்லாத ஊடகத்தை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு டிஎன்எஃப்பைக் கழுவுங்கள், சுவர் முழுதாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மில்லிலிட்டருக்கு 10 லட்சம் என்ற கணக்கில் நியூட்ரோஃபில்கள். சாயம் இல்லாமலே உயிரணுவைக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் முறை, 10 மடங்கு லென்ஸ் போதும். முதல் சில விநாடிகள் கோடு கோடாக ஏதோ பறக்கும், அவை ஒட்டாமல் போகிறவை. 1 டைனில் சுவரை ஒட்டிப் போகிற அணுவே நொடிக்குச் சில நூறு மைக்ரோமீட்டர் வேகத்தில் போகும். திடீரென்று அதில் ஒன்று வேகம் இழந்து, நிற்கிறதோ என்று நினைக்கும்போது மறுபடி நகர்ந்து, தயங்கித் தயங்கி நொடிக்குச் சில மைக்ரோமீட்டர் என்று வரும். அதுதான் உருளுதல். கண்ணை எடுக்காமல் அந்த ஒன்றையே பாருங்கள். நின்றுவிடும். நின்ற பிறகும் ஒளிவட்டத்தோடு பளிச்சென்று தெரியும், மெல்ல வட்டம் குலைந்து விரியும், ஒரு முனை நீளும், ஓட்டத்துக்குக் குறுக்கேகூட ஊர்ந்து போகும். அடுத்த சில நிமிடங்களில் அதன் ஒரு பாதி பளிச்சென்றும் மறு பாதி இருண்டும் தெரிந்தால் பாதி உடம்பு சுவருக்கு அடியில் போயாயிற்று என்று அர்த்தம். முழுதும் இருண்டால் இறங்கிவிட்டது. நுட்பமான சாயம் எதுவும் இல்லாமல் வெறும் ஃபேஸ் லென்ஸில் இவ்வளவும் தெரியும். 1867-இல் கோன்ஹைம் என்ற ஜெர்மன் நோயியலாளர் தவளையின் மெல்லிய சவ்வை விரித்து வைத்துப் பார்த்ததும் இதையேதான்.

எண்ணுவதற்கு விதியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வீடியோ பார்த்த பிறகு எழுதினால் மனம் தனக்கு வேண்டியபடி வளைக்கும். 10 நொடியில் தன் விட்டத்துக்கு, அதாவது சுமார் 8 மைக்ரோமீட்டருக்குக் குறைவாக நகர்ந்தால் நின்றது, அதற்கு மேல் நகர்ந்து, ஆனால் ஒட்டாமல் ஓடுகிறவற்றைவிடத் தெளிவாக மெதுவாக இருந்தால் உருள்வது, இருண்டுபோனது இறங்கியது. ஐந்து நிமிடம் ஓடிய பிறகு ஆறேழு இடங்களைப் படம் எடுங்கள், நுழைவாயிலுக்கும் ஓரங்களுக்கும் பக்கத்தில் வேண்டாம், அங்கே ஓட்டம் சீராக இருக்காது. எந்த வீடியோ எந்தப் பிரிவு என்று தெரியாதபடி வேறு ஒருவரைப் பெயர் மாற்றித் தரச் சொல்லி எண்ணுவது நல்ல பழக்கம்.

எண்ணும்போது ஒரு பொறி. நின்ற அணுக்கள் சில இடங்களில் ஓட்டத்தின் திசையில் வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். ஓடி வரும் நியூட்ரோஃபில் சுவரைப் பிடிக்காமல், ஏற்கெனவே நின்றிருக்கும் நியூட்ரோஃபிலை எல்-செலக்டின் வழியாகப் பிடித்து, அதன் முதுகைத் தாண்டிப் பின்னால் சுவரில் இறங்கும், அதனால்தான் அந்தச் சங்கிலி. அவற்றையும் சேர்த்து எண்ணினால் சுவரின் ஒட்டும் திறனை மிகையாகச் சொன்னதாகிவிடும். சேர்ப்பதோ விடுவதோ உங்கள் முடிவு, எதைச் செய்தீர்கள் என்று முறைகள் பகுதியில் எழுதிவிடுங்கள்.

ஒப்பீட்டுப் பிரிவுகள் இல்லாமல் ஒரு வீடியோவையும் யாரிடமும் காட்டாதீர்கள். டிஎன்எஃப் போடாத சுவரில் ஏறக்குறைய எதுவும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் எண்டோடாக்ஸின் புகுந்திருக்கிறது அல்லது நியூட்ரோஃபில்கள் தூண்டப்பட்டிருக்கின்றன. இ-செலக்டினைத் தடுத்தால் பிடிபடுவதே நன்றாகக் குறைய வேண்டும். சிடி-18-ஐத் தடுத்தால் உருண்டுகொண்டே இருக்க வேண்டும், நிற்பதும் இறங்குவதும் மட்டும் குறைய வேண்டும். அதே வகையைச் சேர்ந்த, எதையும் தடுக்காத ஒரு ஆன்டிபாடியையும் ஓட்டுங்கள். இந்த நான்கும் எதிர்பார்த்தபடி வந்த பிறகுதான் உங்கள் மருந்தையோ சாற்றையோ சோதிக்க வேண்டும். (மஞ்சளோ வேப்பிலையோ கொண்டுவந்து "அழற்சியைக் குறைக்கிறதா பார்க்கலாம்" என்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: சாறு சுவர் உயிரணுக்களைக் கொன்றாலும் ஒட்டுவது குறையும். உயிரோடு இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.)

கடைசி ஓட்டமாக இடிடிஏ கலந்த ஊடகத்தை ஓடவிடுங்கள். கால்சியமும் மக்னீசியமும் போனதும் மேலே ஒட்டியிருந்தவை பிடி விட்டு அடித்துக்கொண்டு போகும், இருண்டு தெரிந்தவை மட்டும் அப்படியே இருக்கும். போனவை மேலே இருந்தவை, இருப்பவை கீழே இறங்கியவை. நீங்கள் கண்ணால் பிரித்தது சரிதானா என்பதற்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது. நெடுநேரம் ஓடவிடாதீர்கள், சுவர் உயிரணுக்களும் ஒன்றையொன்று விட்டுச் சுருங்கத் தொடங்கும்.

முடிந்ததும் கழிவு சிரிஞ்சையும் குழாயிலுள்ள திரவத்தையும் ப்ளீச்சில் ஊறப்போட்டு, ஊசியைக் கூர்பொருள் பெட்டியில் போட்டு, சேம்பரைத் தண்ணீராலும் பிறகு 70 சதவீத எத்தனாலாலும் கழுவி, தலைகீழாகக் காய வையுங்கள். உப்பு படிந்து காய்ந்தால் அடுத்த முறை கேஸ்கெட் சரியாக உட்காராது, உயரமும் மாறும். வீடியோக்கள் பெரிய ஃபைல்களாக இருக்கும், சர்வருக்கு ஏற்றி முடியும் வரை மைக்ரோஸ்கோப் கம்ப்யூட்டரை விட்டு நகராதீர்கள், பல இடங்களில் வாரக் கடைசியில் அந்த டிரைவைத் துடைத்துவிடுவார்கள்.